தேறாத நாற்றை எந்த மண்ணுக்கு மாற்றுவது? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

ஆடியில் விதை போட்டவர்கள் ஆவணி கடைசியில் போன் செய்ய ஆரம்பிப்பார்கள். இந்த முறை முதல் போன் தேவகோட்டையிலிருந்து, தெரிந்த ஆச்சி ஒருவர்.

"தம்பி, கத்தரி நாத்து நாப்பது நாளாச்சு. நாலு இலையோட அப்படியே நிக்குது. சாகவும் இல்ல, வளரவும் இல்ல. ஆர்கானிக் மண்ணுன்னு மூட்டையில விக்கிறாங்களே, ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன். அதுல மாத்தினா தேறிருமா?"

"ஆச்சி, வேரைப் பாத்தீங்களா?"

"அதை எப்படிப் பாக்குறது? பிடுங்கினா செத்துராதா?"

எல்லோரும் தடுமாறுவது இங்கேதான். நர்சரிக்காரர் மூட்டையைக் கை காட்டுகிறார். பக்கத்து வீட்டு அண்ணன் "ரெண்டு கை சாணி எரு போடு" என்கிறார். வீட்டில் அப்பத்தா இருந்தால் "தரையில ஊன்று, தானா வரும்" என்று பேச்சை முடித்துவிடுவார். இந்த மூன்றாலும் பிழைத்த நாற்றுகளை நான் பார்த்திருக்கிறேன். இந்த மூன்றாலும் செத்ததையும் பார்த்திருக்கிறேன்.

நான் கவிழ்த்துப் பார்த்த நோஞ்சான் நாற்றுகளில் பசியால் நின்றவை குறைவு. வேர் மூச்சு முட்டியோ, வெளிச்சம் போதாமலோ, உப்பு ஏறியோ நின்றவைதான் அதிகம். காய்ச்சலில் கிடப்பவனுக்கு மூன்று கூட்டு, இரண்டு பொரியலோடு இலை போட்டால் என்ன ஆகுமோ, வேர் அழுகிய நாற்றைச் சத்துள்ள மண்ணுக்கு மாற்றினால் அதுதான் ஆகும். அதனால் எந்த மண் என்பதற்கு முன்னால், மாற்ற வேண்டுமா என்பதையே முதலில் பார்த்துவிடலாம்.

## எதை வைத்து முடிவு செய்வது

வேர். மண் ஈரமாக இருக்கும்போது, தண்டு இரண்டு விரல்களுக்கு நடுவே வரும்படி உள்ளங்கையால் மண்ணை மூடிக்கொண்டு தொட்டியைக் கவிழ்க்க வேண்டும். விளிம்பைத் திண்ணை ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டினால் மண்கட்டி அப்படியே கையில் இறங்கிவிடும். பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைக்கலாம், செடிக்கு ஒன்றும் ஆகாது. வேர் வெள்ளையாக நூல் நூலாக இருந்தால் நலம். பழுப்பாகி, லேசாக இழுத்ததும் மேல்தோல் உறை மாதிரிக் கழன்று உள்நரம்பு மட்டும் நின்றால் அது அழுகல், நாற்றமும் அடிக்கும். சுவரை ஒட்டி வட்டம் வட்டமாகச் சுற்றிக் கிடந்தால் இடம் போதவில்லை. கட்டியாகவே வராமல் மண் உதிர்ந்து போனால், வேர் இன்னும் பிடிக்கவில்லை. அதைத் தொடாமல் இருப்பதே மேல்.

இலை. கீழிலைகள் மட்டும் சீராக வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு. இது ஒன்றுதான் உண்மையான பசி. கொழுந்து மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து ஏறவில்லை. நுனியும் ஓரமும் கருகினால் உப்பைச் சந்தேகப்பட வேண்டும். மண் ஈரமாக இருந்தும் செடி காலையிலேயே தொங்கினால் வேர் அழுகல். மத்தியானம் தொங்கி சாயங்காலம் நிமிர்ந்துவிட்டால் அது வெயில் களைப்பு, விட்டுவிடலாம்.

இடம். நம் செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் செடி வைக்கத் தோதான இடம் என்று எல்லோரும் வளவு முற்றத்தைத்தான், அதாவது வீட்டு நடுவில் வானம் பார்த்துத் திறந்த முற்றத்தைத்தான், நினைக்கிறார்கள். நாலு பக்கமும் உயரச் சுவரும் ஓட்டுச் சரிவும் இருப்பதால் அங்கே உச்சி வெயில் கொஞ்ச நேரம் அடித்துவிட்டுப் போய்விடும். கத்தரி, தக்காளி, மிளகாய்க்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். முற்றத்து நாற்று வெளிச்சத்தைத் தேடிக் கழுத்து நீண்டு, நூல் மாதிரித் தண்டோடு சாயும். அதற்கு எந்த மண்ணும் மருந்தில்லை.

தண்ணீர். காரைக்குடிக்குச் சம்பை ஊற்றுத் தண்ணீரால் பேர் உண்டு. ஆனால் எல்லா வீட்டு போர்வெல்லும் சம்பை ஊற்று ஆகிவிடாது. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தால் உங்கள் தண்ணீரில் உப்பு இருக்கிறது. புது மண்ணும் சில மாதங்களில் அதே நிலைக்கு வரும்.

யார் தண்ணீர் ஊற்றுவார்கள்? வேடிக்கையான கேள்வி இல்லை. சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு திருவிழாவுக்கும் படைப்புக்கும் (முன்னோர் வழிபாட்டுக்கும்) மட்டும் வீடு திறப்பவர்கள் இங்கே ஏராளம். நாலு நாள் வந்து ஆசை ஆசையாகச் செடி வைத்துவிட்டு, சாவியை வீடு பார்க்கும் ஆளிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவருக்கு இன்னும் மூன்று வீட்டுச் சாவி இடுப்பில் இருக்கும்.

செலவை ஒவ்வொரு வழியிலும் சொல்கிறேன். ஒன்றை மட்டும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்: மூட்டையில் போட்டிருப்பது கிலோ, தொட்டிக்கு வேண்டியது லிட்டர்.

## வழி ஒன்று: மாற்றாமல், இருக்கும் இடத்திலேயே தேற்றுவது

யாருக்கும் பிடிக்காத வழி. எதுவுமே செய்யாதது போலத் தோன்றும். ஆனால் வேர் வெள்ளையாக இருந்து செடி மட்டும் நின்றால் நான் முதலில் இதைத்தான் செய்வேன்.

தொட்டியைச் சாய்த்து அடித்துளையைப் பார்க்க வேண்டும். அடைத்திருந்தால் ஒரு குச்சியால் குத்திவிட்டு, தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைக்க வேண்டும். (ஆத்தங்குடிக் கல் பதித்த தரை உள்ள வீடுகளில் இதற்கு இன்னொரு லாபமும் உண்டு. ஈரத் தொட்டி மாதக்கணக்கில் உட்கார்ந்த வட்டக் கறை அந்தக் கல்லிலிருந்து எளிதில் போவதில்லை.) மேல்மண் ஓடு கட்டியிருந்தால் வேரில் படாமல் அரை அங்குலம் கிளறி, ஒரு கைப்பிடி மண்புழு உரம் தூவி, வெயில் படும் இடத்துக்கு மெல்ல மெல்ல நகர்த்தலாம். முதல் நாளே முழு வெயிலில் வைத்தால் நிழலில் வளர்ந்த இலை வெந்துவிடும். பத்து நாள் கெடு. புதுக் கொழுந்து விட்டால் மாற்றும் பேச்சே வேண்டாம்.

இதன் மறைசெலவு நாள்தான். தக்காளி நாற்றை ஏறக்குறைய 25 நாளிலும், கத்தரியை 30 முதல் 35 நாளிலும், மிளகாயை 40 முதல் 45 நாளிலும் நட்டுவிட வேண்டும். ஏற்கெனவே அந்த வயதைத் தாண்டி, குழித்தட்டின் சின்னக் குழிக்குள் வேர் சுற்றிக் கிடக்கும் நாற்றுக்குப் பத்து நாள் பொறுமை என்பது பட்டத்தை, அதாவது நடவுப் பருவத்தை, கோட்டைவிடுவதாகும்.

அக்னி நட்சத்திரத்தில் வேறு யோசனையே வேண்டாம், இதுதான் வழி. வேர் கலைந்தால் பொறுக்காத பீர்க்கை, புடலை, வெண்டை, பப்பாளி, விதையிலிருந்து வந்த முருங்கைக்கும் இதுவே. அவற்றில் ஒன்று தேறவில்லை என்றால் அதை மாற்றிப் போராடுவதைவிடப் புது விதை போடுவது வேகமானது.

## வழி இரண்டு: கடையில் விற்கும் ஆர்கானிக் மண் மூட்டை

பெயர் மண்தானே தவிர, பெரும்பாலான மூட்டைகளில் மண்ணே இருக்காது, அல்லது கொஞ்சம்தான் இருக்கும். கோகோபீட் (தேங்காய்நார்த் தூள்), மண்புழு உரம் அல்லது மக்கிய எரு, வேப்பம் புண்ணாக்கு, சிலவற்றில் டிரைக்கோடெர்மா போன்ற நன்மை செய்யும் பூஞ்சணம். இந்த லேசுத்தனம்தான் அதன் பலம். காற்றோட்டம் உண்டு, தண்ணீரைப் பிடித்து வைக்கும், களை விதை குறைவு. வேர் அழுகிய நாற்றுக்குச் சுத்தமான புது இடம் உடனே வேண்டும் என்றால் இதைவிடச் சுலபமான வழி இல்லை. ஆறேழு தொட்டி வைத்திருப்பவர், மண் கலக்க இடமில்லாதவர், பாரம் தூக்க முடியாத வயதானவர்கள் எல்லோருக்கும் இதுவே சரி.

இனி மறைசெலவு. முதலாவது, எடை. ஈரமாக அடைத்த மூட்டை எடைக்கு நிற்கும், அளவுக்கு நிற்காது. 12 அங்குலத் தொட்டி ஒன்று ஏறக்குறைய 15 லிட்டர் பிடிக்கும். கடையில் "பத்து கிலோ எத்தனை லிட்டர் வரும்?" என்று கேளுங்கள். பதில் தெரியாதவர் விற்கும் மூட்டை எத்தனை தொட்டிக்குக் காணும் என்பது அவருக்கும் தெரியாது.

இரண்டாவது, மக்காத சரக்கு. பச்சைத் தேங்காய்நார்த் தூளில் கார்பன் மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் தொட்டியில் இருக்கும் தழைச்சத்தைத் தாங்கள் எடுத்துக்கொள்ளும். செடி சத்துள்ள மண்ணில் நின்றுகொண்டே வெளுக்கும். நாமோ இன்னும் எரு போடுவோம்.

மூட்டை வாங்கியதும் நான் செய்வது இது. ஒரு கைப்பிடி எடுத்து முகர்ந்து பார்ப்பேன். மழை பெய்த மண் வாசனை வந்தால் சரி. புளிப்போ, மூக்கில் ஏறும் சாண நெடியோ அடித்தால் இன்னும் மக்கவில்லை. அப்புறம் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் அதை நிரப்பிப் பத்துப் பச்சைப்பயறு ஊன்றி வைப்பேன். பக்கத்தில் இன்னொரு சிரட்டையில் சாதாரணத் தோட்டத்து மண்ணும் பத்துப் பயறும். ஐந்தாறு நாளில் இரண்டையும் எடுத்து வேரைப் பார்த்தால் போதும். மூட்டை மண்ணில் வேர் நுனி கருகியோ கட்டையாகவோ இருந்தால் அந்த மூட்டை நாற்றுக்கு ஆகாது. தண்ணீர் தெளித்து நிழலில் இன்னும் ஒரு மாதம் கிடக்கட்டும். மேலே வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்திருந்தால் மட்டும் பயப்பட வேண்டாம், அது மக்கச் செய்யும் வேலையாள்.

மூன்றாவது செலவு நாலு மாதம் கழித்துத் தெரியும். முழுக்க மக்கும் பொருள் என்பதால் மூன்று நான்கு விரல்கட்டை கீழே இறங்கிவிடும். ஒருமுறை நன்றாகக் காய்ந்தால் தொட்டிச் சுவரைவிட்டு விலகிச் சுருங்கும். பிறகு ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியே ஓடி அடியில் வந்துவிடும். நடுவில் வேர் காய்ந்து கிடக்கும். நாம் தட்டில் தண்ணீரைப் பார்த்துத் திருப்தியாகப் போய்விடுவோம். சித்திரை வெயிலில் இந்த மண்ணுக்கு இரண்டு வேளைத் தண்ணீர் வேண்டும். அதனால் நாற்றுப் பருவத்துக்கு மூட்டையை அப்படியே வைத்துக்கொண்டு, பெரிய தொட்டிக்குப் போகும்போது மூன்றில் ஒரு பங்கு செம்மண் சேர்த்துவிடுவது என் வழக்கம்.

## வழி மூன்று: வீட்டிலேயே கலக்கும் கலவை

என் ஓட்டு இதற்குத்தான். அதனாலேயே இதில் நான் பட்டதையும் சொல்ல வேண்டும்.

நம் மண் சாதாரண மண் இல்லை. இரும்பு ஏறிய செம்மண்ணும் சரளையும், மக்குச்சத்து குறைவு. செட்டிநாட்டில் வேளாண் பல்கலைக்கழகம் மானாவாரிக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கிறது என்பதிலிருந்தே இந்தப் பக்கத்து நிலத்தின் குணம் புரியும். மழை பெய்து வெயில் அடித்தால் மேலே ஓடு கட்டிக்கொள்ளும். தொட்டியில் தனியாகப் போட்டால் ஆறு மாதத்தில் செங்கல். ஆனால் அதே செம்மண் மூன்றில் ஒரு பங்காகக் கலவையில் இருந்தால் தொட்டிக்கு எடை கொடுக்கும், சத்தைப் பிடித்து வைக்கும், கலவை சுருங்காமல் பார்த்துக்கொள்ளும்.

12 அங்குலத் தொட்டி பத்துக்கு 150 லிட்டர் வேண்டும். என் கணக்கு: செம்மண் 50, கழுவிய கோகோபீட் 50, மண்புழு உரம் 30, கருக்கிய உமி 20 லிட்டர். ஐந்து கிலோ கோகோபீட் கட்டி ஒன்று ஊறினால் 65, 70 லிட்டர் வரும், ஒன்று போதும். உமிக்குப் புதுவயல் அரிசி ஆலைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. கருகலாக எடுக்க வேண்டும். வெள்ளைச் சாம்பலாகிவிட்டால் அது காரத்தன்மை கொண்டது, வேண்டாம். நோய்ப்பட்ட சின்ன நாற்றுக்கு மட்டும் மண்ணையும் உரத்தையும் குறைத்து, கோகோபீட் ஐந்து பங்கு, செம்மண் மூன்று, மண்புழு உரம் இரண்டு. உரம் கூடினால் உப்பும் கூடும் என்பதால்தான் இந்தக் கஞ்சத்தனம்.

கோகோபீட்டைக் கழுவுவதில் சோம்பல் கூடாது. வாளியில் ஊறவைத்துப் பிழிந்தால் முதல் தண்ணீர் கடுந்தேநீர் நிறத்தில் இறங்கும். அதில் உப்பும் நாரின் சாயமும் இருக்கும். மூன்றாம் தண்ணீரில் நிறம் வெளிறும். அந்தத் தண்ணீரை வீணாக்கக் கூடாதென்று வேறு தொட்டியில் ஊற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். உப்பைத்தான் இடம் மாற்றுகிறார்கள்.

வேப்பம் புண்ணாக்கு தொட்டிக்கு 30 முதல் 50 கிராம் போடலாம். வேர்முடிச்சு நூற்புழுவுக்கு நல்லது. ஆனால் போட்டவுடன் நடக் கூடாது. ஈரத்தோடு பத்துப் பதினைந்து நாள் கலவை ஆறவேண்டும், இல்லாவிட்டால் அது மக்கும்போது இளவேர் கருகும். காத்திருக்க நேரமில்லாத நாற்று என்றால் புண்ணாக்கு இல்லாமல் கலந்து அன்றைக்கே நடலாம். பச்சைச் சாணம் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். சூடு மட்டுமல்ல, மக்காத எருக்குவியலில் வண்டுப் புழுவும் கூடவே வரும்.

கண்மாய் வண்டல் வயலுக்குத் தங்கம். தொட்டிக்கு ஆகாது, பொடியாக இறங்கித் துளையை அடைத்துவிடும்.

சரி, நான் பட்ட கதை. எங்கள் வீட்டுப் பின்கட்டில் பழைய சமையல்கட்டுச் சுவர் ஒன்றை இடித்திருந்தோம். பக்கத்தில் மண் பொலபொலவென்று கிடந்தது. செம்மண் விலைக்கு வாங்குவானேன் என்று அதையே அள்ளிக் கலவையில் சேர்த்து, கறிவேப்பிலைக் கன்றுகள் ஐந்தை வைத்தேன். இருபது நாளில் கொழுந்தெல்லாம் எலுமிச்சை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சைக் கோடு. பசிதான் என்று மண்புழு உரம் கூட்டினேன். மாறவில்லை. கலவை சரியில்லை என்று புதிதாகக் கலந்து மாற்றினேன், அதே மண்ணை அள்ளி. இரண்டு கன்று போய்விட்டது. ஒரு நாள் அந்த மண்ணில் வெள்ளை வெள்ளையாகப் பயறளவு கட்டிகளைப் பார்த்து, சந்தேகத்தில் ஒரு கரண்டி வினிகரை ஊற்றினேன். சோடா மாதிரி நுரைத்தது. பழைய சுண்ணாம்புக் காரை! நம்மூர்ச் சுவர்களின் பளபளப்புக்குப் பேர்போன அதே சுண்ணாம்புதான், இடிந்து மண்ணோடு கலந்து கிடந்திருக்கிறது. சுண்ணாம்பு கலந்தால் மண் காரமாகிவிடும், மண்ணில் எவ்வளவு இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. இரும்பு ஏறிய சீமையில் இரும்பில்லாமல் என் கன்றுகள் செத்தன.

பழைய வீட்டைச் சுற்றி மண் அள்ளுபவர்கள் எல்லோரும் இந்த வினிகர் சோதனையைச் செய்துவிடுங்கள். முறையாகப் பார்க்க வேண்டுமானால் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் மண் பரிசோதனை பற்றி விசாரிக்கலாம்.

பத்துத் தொட்டிக்கு மேல் என்றால் இந்த வழிதான் கட்டுப்படியாகும். ஆனால் ஒரு முழு நாள் வேலை, இடுப்புவலி, கலக்க ஒரு தார்ப்பாய், மிச்சத்தை வைக்க நிழலான மூலை எல்லாம் கணக்கில் சேர வேண்டும். இன்னொன்று, எடை. ஈரமான ஒரு தொட்டி பதினைந்து கிலோவைத் தாண்டும். கட்டையும் செங்கல்லும் வைத்துக் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் மாடியில் நடுவில் வரிசை கட்டாமல், சுவர் ஓரமாக வையுங்கள்.

## வழி நான்கு: தொட்டியே வேண்டாம், தரையில் நடுவது

அப்பத்தா சொன்னதில் பாதி சரி. தரையில் வேர் சூடாகாது, தண்ணீர் ஒரு நாள் மறந்தாலும் சாகாது. தொட்டியில் எவ்வளவு பார்த்துப் பார்த்து வளர்த்தாலும் மா, எலுமிச்சை, கறிவேப்பிலை, நாட்டு முருங்கைக்கெல்லாம் கடைசியில் போய்ச் சேரும் இடம் தரைதான். வீடு பூட்டியே கிடக்கும் என்றால் வேறு வழியும் இல்லை. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் வைத்தால் கார்த்திகை வரை வானமே தண்ணீர் ஊற்றும்.

மீதிப் பாதி எங்கே இடிக்கிறது என்றால், நோஞ்சான் நாற்றைச் சரளை மண்ணில் நேரே வைப்பதில். முதலில் அதைத் தொட்டியில் தேற்றி, பிறகு தரைக்குக் கொண்டுபோவது நல்லது.

குழி விஷயத்தில் பலரும் செய்யும் ஒரு தவறு: கெட்டிச் செம்மண்ணில் ஒரு குழி வெட்டி, அதை முழுக்க ஆர்கானிக் மண்ணால் நிரப்புவது. பார்க்க அழகாக இருக்கும். மழை பெய்ததும் சுற்றுமண்ணில் இறங்காத தண்ணீரெல்லாம் பொலபொலப்பான அந்தக் குழிக்குள் வந்து நிற்கும். வேரும் சொகுசான இடத்தைவிட்டு வெளியே போகாமல் உள்ளேயே சுற்றும். தரைக்குள் ஒரு தொட்டி புதைத்த மாதிரிதான். வெட்டிய மண்ணோடேயே கால் பங்கு மக்கிய எரு கலந்து நிரப்பி, குழிச் சுவரைக் கடப்பாரையால் அங்கங்கே கொத்திவிட்டால் வேர் வெளியே பாயும்.

கரையான் இந்த மண்ணின் சொந்தக்காரன். காய்ந்த சாணமும் அரைகுறையாக மக்கிய இலையும் அதற்கு விருந்து. நன்றாக மக்கியதையே போட்டு, வேப்பம் புண்ணாக்கைக் குழி மண்ணில் முன்கூட்டியே கலந்து வைக்க வேண்டும். அப்புறம் ஆடு. வேலி இல்லாமல் தரையில் வைப்பவருக்கு நான் யோசனை சொல்வதில்லை.

## ஒரே பார்வையில்

| | மாற்றாமல் தேற்றுவது | கடை மூட்டை | வீட்டுக் கலவை | தரை |
|---|---|---|---|---|
| கைச்செலவு | ஏறக்குறைய இல்லை | தொட்டிக் கணக்கில் அதிகம் | பத்துத் தொட்டிக்கு மேல் குறைவு | குறைவு, வேலி தனி |
| பின்னால் தெரியும் செலவு | பட்டம் தவறலாம் | மண் இறங்கும், மக்காத சரக்கு | உழைப்பு, எடை, தவறான மண் | கரையான், ஆடு, குழியில் தேங்கும் நீர் |
| கோடைத் தண்ணீர் | பழையபடி | இரண்டு வேளை | ஒரு வேளை, உச்சத்தில் இரண்டு | வேர் பிடித்தபின் விட்டுவிட்டு |
| ஏற்ற வேர் | வெள்ளை வேர், இடம் உண்டு | அழுகிய வேர், அவசரம் | சுற்றிய வேர், நீண்ட நாள் செடி | தேறிய கன்று, மரவகை |
| ஏற்ற ஆள் | பொறுமைசாலி | சில தொட்டி, முதியவர் | தோட்டப் பித்து உள்ளவர் | வீட்டைப் பூட்டிப் போகிறவர் |

## மாற்றுவதென்று முடிவானால்

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல். இரண்டு மணி நேரம் முன்பே நாற்றுக்குத் தண்ணீர் விட்டிருக்க வேண்டும். புதுக் கலவையும் ஈரமாக இருக்க வேண்டும். பிழிந்தால் சொட்டாமல், விட்டால் உதிராமல். சின்ன நாற்றை இலையைப் பிடித்துத் தூக்குங்கள், தண்டைப் பிடிக்காதீர்கள். இலை கிழிந்தால் இன்னொன்று விடும், நசுங்கிய தண்டு திரும்பாது.

வேர் நலமாக இருந்தால் பழைய மண்ணை உதறாமல் கட்டியோடு இறக்க வேண்டும். அழுகியிருந்தால் மட்டும் மண்ணைத் தண்ணீரில் கரைத்துவிட்டு, பழுப்பு வேரை வெட்டி, குழியில் கொஞ்சம் டிரைக்கோடெர்மா கலந்து நட வேண்டும். தக்காளியைத் தண்டு புதைய ஆழமாக நடலாம், தண்டிலும் வேர் விடும். மற்றவற்றை முன்பிருந்த மட்டத்திலேயே வையுங்கள். ஒட்டுக்கன்றின் ஒட்டு மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும்.

தொட்டி அடியில் சல்லி போடும் பழக்கத்தை விட்டுவிடலாம். வடிகாலுக்கு அது உதவாது. தண்ணீர் சல்லிக்கு மேலேயே, வேர்ப்பகுதியில் நிற்கும். துளையை மறைக்க ஓர் ஓட்டுத்துண்டு போதும். தொட்டி மானாமதுரை மண்தொட்டியாக இருந்தால் சுவர் வழியே ஈரம் மூச்சுவிடும், அழுகல் பயம் குறைவு, தண்ணீர் மட்டும் கூடுதலாக வேண்டும். கறுப்புப் பையோ மேல்வெயிலில் கைவைக்க முடியாத அளவு சுடும். அதற்குத் தென்னங்கீற்று நிழல் கட்டாயம்.

நட்ட செடி நாலைந்து நாள் நிழலில் இருக்கட்டும். பத்து நாளைக்கு உரம் கிடையாது, பஞ்சகவ்யா உட்பட. புதுக்கொழுந்து விட்டபின் பஞ்சகவ்யாவை லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி வீதம் கலந்து தெளிக்கலாம்.

தேவகோட்டை ஆச்சி அடுத்த வாரம் மறுபடி கூப்பிட்டார். எட்டுத் தொட்டியையும் கவிழ்த்துப் பார்த்திருக்கிறார். ஆறில் வேர் வெள்ளை. இரண்டில் அழுகல், அடித்துளையே திறக்காத தொட்டிகள். எட்டும் இருந்தது வளவு முற்றத்தில்தான். வெள்ளை வேர் ஆறும் கிழக்குப் பார்த்த பின்கட்டுக்குப் போயாயிற்று. அழுகிய இரண்டை மாற்றுவதற்காக மூட்டை மண்ணில் பயறு போட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தேன்.

"பயறு எப்படி ஆச்சி இருக்கு?"

"பத்தும் மொளச்சு ஜம்முனு நிக்குது தம்பி. வேரும் வெள்ளையாத்தான் இருக்கு." கொஞ்சம் நிறுத்தி, "கத்தரியைவிட இதுதான் பாக்க நல்லா இருக்கு. பேசாம இதையே வளத்துரவா?" என்றார்.